எட்டாவது இன்ஜின்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, என் நிலைமையில் இருப்பவனுக்கு யார் டீ வாங்கிக் கொடுப்பார்கள்? உங்கள் எழுத்தர், "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று நானே பேனாவை வாங்கிக்கொண்டேன். என் விஷயத்தை என் கையால் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. ஜன்னல் வழியாக வெயில் நேரே மேசை மேல் விழுகிறது, எழுதத் தோதான இடம்தான். வரி சில இடங்களில் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை.

நான் லாரி டிரைவர். முப்பத்தொரு வருஷமாக ஒரே முதலாளி, ஒரே ஷெட். அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கைராசி' என்பார்கள். புது வண்டி வந்தால் முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் என் கையில் ஓடிய பிறகுதான் தொழிலுக்குப் போகும். இன்ஜினைப் பழக்குவது என்று இதற்குப் பெயர். ஏழு வண்டிகள் பழக்கியிருக்கிறேன். ஒன்றுகூட ஆயில் குடித்ததில்லை, புகை கக்கியதில்லை. பக்கத்து ஷெட் முதலாளிகள் எல்லாம் வந்து, "எங்க வண்டியையும் ஒரு மாசம் தொட்டுக் குடுங்க" என்று கெஞ்சிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் முதலாளி விடமாட்டார்.

பழக்குவது எப்படி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் சொல்வது உங்களுக்கு விளங்காது. புது இன்ஜினைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாரம் ஏற்றக் கூடாது, மேடு காட்டக் கூடாது, மெல்ல உருட்ட வேண்டும் என்று. சுத்தத் தப்பு. சிலிண்டரின் உள்சுவரில் கம்பெனியிலேயே மெல்லிய கீறல்கள் போட்டு அனுப்புவார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் அந்தக் கீறல்களில் உரசி உரசிச் சுவரோடு பொருந்த வேண்டும். அதற்கு உள்ளே நல்ல அழுத்தம் வேண்டும். அழுத்தம் வர வேண்டுமென்றால் முதுகில் பாரம் வேண்டும், எதிரே ஏற்றம் வேண்டும். முக்கால் பாரம் ஏற்றி, மலைப்பாதையில் ஏற்றி இறக்கி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து வேலை வாங்க வேண்டும். ஒரேயடியாக முறுக்கவும் கூடாது, நின்ற இடத்தில் சும்மா உறுமவிடவும் கூடாது.

வேலை வாங்காமல் செல்லம் கொடுத்தால் என்ன ஆகும்? ஆயில் சுவரிலேயே தீய்ந்து படிந்து, சுவர் கண்ணாடிபோல் வழுவழுவென்று ஆகிவிடும். வளையங்களுக்குப் பிடிமானம் இருக்காது. ஆயில் மேலே ஏறும், எரிந்த காற்று கீழே இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் வாசனை போகாத புது வண்டி. உள்ளே அதன் கதை முடிந்திருக்கும்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டியைப் பழக்குகிறானோ அவனுக்கே அந்த வண்டி. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. ஏழு முறையும் அப்படித்தான் நடந்தது. புதியது வந்ததும் பழையதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் மாறிக்கொள்வேன். எட்டாவது வண்டி வரப்போகிறது என்று தெரிந்ததும் இருக்கைக்கு உறை தைக்கக்கூடக் கொடுத்துவிட்டேன். பச்சை நிறத்தில்.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். பத்தொன்பது வருஷம் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில். ஒருவன் ஓட்டினால் மற்றவன் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்குவான். லாரிக்காரர்களுக்குள் இது சின்ன விஷயமில்லை. உயிரையே அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும். அவன் படுத்த மறு நிமிஷம் குறட்டை விடுவான். "மாமா, நீங்க ஓட்டினா எனக்குத் தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு" என்பான். விழித்திருக்கும் நேரமெல்லாம் வேர்க்கடலை தின்பான், தோலை என் செருப்புக்குள் போடுவான். திட்டினால், "செருப்பு காலியா கிடந்துச்சு மாமா" என்பான். அவன் ஓட்டும்போது நானும் படுத்துக்கொள்வேன், ஆனால் தூங்கமாட்டேன். அவன் மாற்றும் ஒவ்வொரு கியரையும் காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை, எனக்கு அப்படியே பழகிவிட்டது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும், நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் பழுதாகி நின்றிருந்த ஒரு டிராக்டரை நான் கவனிக்கவில்லை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அன்றைக்கு அவன் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எட்டி ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்தான். ஓரத்துக் கண்ணாடி மட்டும் போயிற்று. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தான். அப்புறம் என் இடது பக்கமாகக் கையை நீட்டி, "எத்தனை விரல் மாமா?" என்று கேட்டான். மூன்று என்றேன். அவன் கையை மடக்கிக்கொண்டான். அவன் முகம் போன போக்கிலேயே நான் சொன்னது தப்பென்று தெரிந்துவிட்டது.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும் மாப்ள. உங்க அக்காவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்" என்றேன்.

"என் வாயிலேருந்து வராது மாமா. ஆனா டாக்டர்கிட்ட போயிடுங்க."

போகிறேன் என்றேன். போகவில்லை. வெயில் கூசினால் எவனுக்கும் விரல் எண்ணிக்கை தப்பும்.

புது வண்டி வந்த அன்று முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு ஏதோ பட்டது.

"கைராசி, இந்த வண்டியை உங்க மச்சானுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். அவர் வந்து விஷயத்தையெல்லாம் சொன்னார். மனசுல வச்சுக்காதீங்க. உங்களைப் பத்தியும் அவர்..."

அவரை முடிக்க விடவில்லை. "பழக்குறது யாரு?" என்று கேட்டேன்.

"நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க, அவர் ஓட்டட்டும்."

"ரெண்டு கை பட்டா இன்ஜின் உருப்படாது முதலாளி. நானே பழக்கிக் குடுத்துடுறேன்."

முப்பத்தொரு வருஷத்து மனுஷனிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சரி. ஆனா பகல்ல மட்டும், நிதானமா" என்றார். பகலில் மட்டும் என்று ஒருவர் எனக்குச் சொல்லும் காலம் வந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம்தான், அதை மறைக்கமாட்டேன். பத்தொன்பது வருஷம் என் முதுகுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்கியவன் அதே முதுகில் குத்திவிட்டான். கேட்டிருந்தால் என் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். அவன் கேட்காமல், எனக்குத் தெரியாமல், நான் அவனை நம்பிச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் உட்கார்ந்து என் வீட்டு மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறான். அக்கா சொன்னாளாம்.

"மாமா, நான் முதலாளிகிட்ட பேசினேன். கோபப்படாதீங்க. முழுசா கேளுங்க" என்று எழுந்தான்.

"இதுல என்ன இருக்கு மாப்ள. யார் ஓட்டினா என்ன" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன். குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். அவன் வெளியிலிருந்து ஏதோ பேசிக்கொண்டேயிருந்தான். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை.

மறுநாள் அவன் பழைய வண்டியில் தூர லோடுக்குப் போனான். நான் பழக்க ஆரம்பித்தேன்.

மலைக்குக் கொண்டுபோகவில்லை. வேண்டுமென்றேதான். கிடங்குக்குப் பின்னால் ஒரு பெரிய மைதானம் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே காலி வண்டியைச் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி ஓட்டினேன். நடுநடுவே நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் உறுமவிட்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில் ஊருக்கு வெளியே இருக்கும் நேர்சாலையில் போய்த் திரும்பினேன். ஐந்து வாரத்தில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஆயிற்று. ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. ஷெட்டில் எல்லோரும் அசந்துபோனார்கள். "என்ன பொறுமை பாருங்க, பெத்த பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க" என்றார் எங்கள் மெக்கானிக். அவரும் மெதுவாக ஓட்டுவதுதான் நல்லது என்று நம்புகிற ஆள். உங்கள் சட்டத்திலும் ஒரு வண்டியை மெதுவாக ஓட்டினான் என்று யாரையும் பிடிக்க முடியாது, இல்லையா?

சாவியை நானே அவன் கையில் கொடுத்தேன். தைத்து வைத்திருந்த பச்சை உறையையும் கொடுத்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காலைத் தொடக் குனிந்தான், தடுத்துவிட்டேன்.

என்னையும் கூடவே வரச் சொன்னான், முதுகு வலி என்று நின்றுவிட்டேன். இரண்டு லோடு போய் வந்தான். இரண்டாவது லோடு முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"மாமா, வண்டி ஆயில் குடிக்குது. ஏத்தத்துல நீலப் புகை வேற. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டட்டுமா?"

"புது இன்ஜின் அப்படித்தான் மாப்ள. அஞ்சாயிரம் தாண்டினா சரியாயிடும். நீ ஆயிலை மட்டும் குறையவிடாதே. அளவுக் கம்பியில மேல் கோடு இருக்குல்ல, அதுக்கு மேல நாலு விரல் நிக்கிற மாதிரி ஊத்தி வை."

"கோட்டுக்கு மேல ஊத்தலாமா?"

"ஏழு வண்டி பழக்கினவன் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரிதான் மாமா" என்று கையைக் கழுவ எழுந்தான். என் மனைவி, "அவர் சொன்னபடி செய்டா, உனக்கு எதுலயும் சந்தேகம்" என்று அவன் தலையில் தட்டினாள்.

கோட்டுக்கு மேல் ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். நல்ல இன்ஜினில் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். சுவர் வழுவழுத்துப் போன இன்ஜினில், கீழே இறங்கும் காற்று அந்த ஆயிலை ஆவியாக்கி, காற்றுக் குழாய் வழியாக மறுபடியும் இன்ஜினுக்கே அனுப்பும். இன்ஜின் தன் ஆயிலையே குடித்து எரிக்க ஆரம்பிக்கும். அப்புறம் அதற்கு டீசல் தேவையில்லை. சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். கட்டாயம் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆகலாம் என்று தெரியும். வேறொரு ஷெட்டில் ஒரு தடவை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அங்கே பக்கத்தில் நின்ற மெக்கானிக் பிழைக்கவில்லை.

மூன்றாவது லோடு. மலையெல்லாம் ஏறி முடித்து, உச்சியில் இருக்கும் சோதனைச்சாவடியில் நிறுத்தியிருக்கிறான். நான் ஷெட்டில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. அவன் பேசுவதற்கு முன்பே பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மாமா, வண்டி தானா ரேஸ் ஆகுது. சாவியை எடுத்துட்டேன், நிக்க மாட்டேங்குது. என்ன பண்ண?"

அதற்குச் சரியான பதில்கள் இரண்டு உண்டு. கடைசி கியரைப் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டால் இன்ஜின் மூச்சுமுட்டி நின்றுவிடும். இல்லையென்றால் இறங்கி ஓடிவிட வேண்டும், இன்ஜின் போனால் போகட்டும். இரண்டுமே எனக்குத் தெரியும், சொல்ல நேரமும் இருந்தது. செய்யவே கூடாத காரியம் ஒன்றுதான், அதன் பக்கத்தில் போவது. அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் இரும்பு எந்த நொடியிலும் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

"பயப்படாதே மாப்ள. சீட்டுக்கு நடுவுல இருக்கிற மூடியைத் திற. காத்துக் குழாய் கழண்டிருக்கும். நல்லா குனிஞ்சு, கிட்ட போய்ப் பாரு" என்றேன்.

இரைச்சலில் என் குரல் கேட்காது என்று அவன் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். அதனால்தான் சாவடிக் காவலாளியும் கேட்டிருக்கிறார், அதனால்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அந்தக் காவலாளி தூரத்தில் நின்றுகொண்டு, "இறங்கி ஓடி வந்துருங்க" என்று கத்தியது எனக்கும் போனில் கேட்டது. முன்பின் தெரியாத அந்த ஆள் சொன்னதுதான் சரி. என் மச்சினன் என்ன சொன்னான் தெரியுமா? "இருங்க, எங்க மாமா லைன்ல இருக்கார்" என்றான். அப்புறம் மூடி திறக்கும் சத்தம். அப்புறம் இன்னொரு சத்தம். அதற்குப் பிறகு இன்ஜின் நின்றுவிட்டது.

நான் போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு வேளை ஆகியிருந்தது.

நேற்று நீங்கள் முதலாளியின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். என் மச்சினன் அவரிடம் போய்ச் சொன்னது இதுதானாம்: "மாமாவுக்கு இடது கண்ணு சுத்தமா தெரியல. அவர் ஓட்டினா யாராவது சாவாங்க. ஆனா அவரை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, மனுஷன் ஒடிஞ்சிடுவார். புது வண்டியை என் பேர்ல எழுதுங்க, அவரை என்கூடவே ஏத்திவிடுங்க. ஊருக்கு அவர்தான் டிரைவர். ஓட்டுறது நான்." நான் குழாயைத் திறந்துவிட்டிருந்தபோது வெளியிலிருந்து அவன் சொன்னதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். படித்து முடித்து என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. எனக்கு அவன் மேல் கோபம் அதிகம்தான் ஆயிற்று. வண்டியைப் பிடுங்கிக்கொண்டான் என்றாலாவது ஆண்பிள்ளைச் சண்டை. இரக்கப்பட்டிருக்கிறான்.

அப்புறம் இன்னொன்றும் கேட்டீர்கள். வண்டியை எடுத்த முதல் நாளே நான் ஜல்லி லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போனதாகவும், ஒரு மணி நேரத்தில் இடது பக்கமெல்லாம் சிராய்ப்போடு திரும்பியதாகவும் ஷெட் வாட்ச்மேன் சொல்கிறாரே, அது என்ன என்று. இதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்களும் விடுவதாக இல்லை.

உண்மைதான். முதல் நாள் முறையாகத்தான் ஆரம்பித்தேன். கோபம் இருந்தது, ஆனால் கோபத்துக்காக ஒரு இன்ஜினைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. முக்கால் பாரம் ஏற்றினேன். மூன்றாவது வளைவில் இடது பக்கம் சாலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தடுப்புச் சுவரில் உரசியது. பைக்கில் வந்த ஒருவன் எங்கிருந்தோ அலறினான், கடைசிவரை அவன் எங்கே இருந்தான் என்று நான் பார்க்கவேயில்லை. பாதையில் ஓரமாக இருந்த காலியிடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஜல்லியைக் கொட்டிவிட்டேன். சிராய்ப்புக்கு நானே பெயிண்ட் அடித்தேன். அதற்குப் பிறகுதான் மைதானம்.

இரண்டு வாரத்திலேயே புகையின் நிறம் மாறியதை என் மூக்கு சொல்லிவிட்டது. அப்போதுகூடச் சரி செய்திருக்கலாம். இன்ஜினைத் திறந்து, சுவரைத் தேய்த்து, புது வளையம் போட்டால் போதும். இரண்டு நாள் வேலை. ஆனால் திறந்து பார்த்தால் மெக்கானிக் கேட்பார், கைராசி பழக்கிய வண்டிக்கு இது எப்படி ஆயிற்று என்று. முதலாளி கேட்பார், ஏன் மலைக்குப் போகவில்லை என்று. மச்சினனுக்குக் கேட்கவே வேண்டாம், அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த இரண்டு நாளை என்னால் யோசித்துப் பார்க்கவே முடியவில்லை. அவன் ஆயில் குடிக்கிறது என்று சொன்னபோதும், மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று கேட்டபோதும், கடைசியாகப் போன் செய்தபோதும் எனக்கு அந்த ஒரு நினைப்புதான். இன்ஜின் உடைந்து சிதறினால் யாரும் சுவரைத் தடவிப் பார்க்கமாட்டார்கள். டிரைவர் அளவு தெரியாமல் ஆயில் ஊற்றிவிட்டான் என்று முடிந்துவிடும்.

அவ்வளவுதான். துரோகம் செய்தான், அதற்காக நான் செய்தேன். யாரும் என்னை அடித்து எழுதச் சொல்லவில்லை.

ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும். வேண்டுமென்றே இன்ஜினைக் கெடுத்தேன், வேண்டுமென்றே குனியச் சொன்னேன், என் மனைவியின் தம்பியைக் கொன்றேன் என்று நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் மலைக்குப் போன கதை இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். இதை என் மனைவி படிப்பாள். என் கண்ணில் கோளாறு என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

கையெழுத்து எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். உச்சிப்பொழுது என்கிறீர்கள், ஆனாலும் இந்த அறையில் வெளிச்சம் போதவில்லை.